கண்ணாடிப் பெட்டிக்கு முதல் பவர் சப்ளையைப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் முதல் தடவையாக ஒரு கணினி பொருத்தப் போகிறேன். இரவில் நான் கேம் விளையாட வேண்டும், மற்ற நேரம் அம்மாவும் அப்பாவும் ரி.வி.யில் படம் பார்க்க வேண்டும். கடையில் தந்த பட்டியல்: ஐ7-12700எஃப், ஒரே துண்டாக 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி கார்ட், 256 ஜிபி எஸ்எஸ்டி, பவர் சப்ளையோடு வரும் கண்ணாடிப் பெட்டி. வாங்கலாமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: தம்பி, முற்பணம் கட்டிவிடாதீர்கள். காசு போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை.

கணினியின் மூளையான சிப் என்று பார்த்தால் 12700எஃப் நல்லதுதான். ஆனால் கேமில் படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்ட். 2019இல் வந்த 4 ஜிபி கார்டைப் பக்கத்தில் வைத்தால் அந்தச் சிப் பாதி நேரம் சும்மா இருக்கும். ஐ5-12400க்கு இறங்குங்கள். மிஞ்சும் காசில் ஆர்எக்ஸ் 6600 போன்ற 8 ஜிபி கார்ட் ஒன்றைப் பாருங்கள். 1080பி திரைக்கு அது தாராளம்.

கடைக்காரர் 12400எஃப் மலிவு என்பார். அந்த 'எஃப்' இருந்தால் சிப்புக்குள் கிராபிக்ஸ் இல்லை என்று அர்த்தம். யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கார்ட் பழுதானால் வாரண்டிக்குக் கொழும்புக்குப் போய்த் திரும்பி வர எத்தனை வாரமோ! எஃப் இல்லாத சிப் என்றால் அதுவரை எச்டிஎம்ஐ வயரை மதர்போர்டில் செருகி அம்மா படம் பார்க்கலாம். யூடியூப்பில் இப்போது நிறைய வரும் ஏவி1 என்ற புது வகை வீடியோவையும் அது அலுப்பில்லாமல் ஓட்டும். அந்தப் பழைய 1650ஆல் அது முடியாது.

இனி எனக்கு உண்மையில் பயமாக இருப்பது, பெட்டியோடு 'சும்மா' வரும் பவர் சப்ளை, அதாவது எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் கொடுக்கும் பகுதி. கடையில் அதைக் கையில் எடுத்துப் பக்கவாட்டு ஸ்டிக்கரை வடிவாக வாசியுங்கள். பெரிய எழுத்தில் 500 வாட் என்று இருக்கும். கீழே சின்னக் கட்டத்துக்குள் +12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று தேடுங்கள். அங்கே 20 என்று இருந்தால், 12ஆல் பெருக்கினால் வருவது 240 வாட்தான். சிப்பும் கார்டும் பெரும்பாலும் அந்த வரியிலிருந்துதான் கரண்ட் எடுக்கும். 12400 முழு வேகத்தில் 117 வாட் வரை இழுக்கும், ஆர்எக்ஸ் 6600 132 வாட். இரண்டும் சேர்ந்தாலே 249. விசிறி, டிஸ்க் எல்லாம் இன்னும் இருக்கிறது. பெயருள்ள 550 வாட் பவர் சப்ளை ஒன்றைத் தனியாக வாங்குங்கள். பட்டியலில் எதைக் குறைத்தாலும் இதில் குறைக்காதீர்கள். மலிவானது சாகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

யூபிஎஸ்ஸிலும் இதே கதைதான். அதில் எழுதியிருக்கும் 650 விஏ என்பது 650 வாட் இல்லை, ஏறக்குறைய 360 வாட்தான் தரும். விளையாடும்போது கணினியும் திரையும் அதை நெருங்கிவிடும். அதனால் 1000 விஏ பாருங்கள். கரண்ட் போனால் கேமை சேவ் பண்ணி ஆறுதலாக நிறுத்த அது போதும்.

ஐப்பசி இடிக்கு யூபிஎஸ்ஸை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு மழை நாளில் நான் சுவர் பிளக்கைக் கழற்றிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன். ரவுட்டரிலிருந்து வரும் வயரை மறந்துவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் கணினி ஓடியது, இன்டர்நெட் வயர் செருகும் இடம் மட்டும் செத்துப் போயிருந்தது. இரண்டையும் கழற்றுங்கள், ரி.வி.க்குப் போகும் எச்டிஎம்ஐ வயரையும் சேர்த்து.

ராமை 8 ஜிபி துண்டுகள் இரண்டாக வாங்குங்கள். இரண்டு பாதையில் ஓடினால் வேகம் கூடும். பொருத்தித் தரும்போதே பயாஸ் என்ற அடிப்படை செட்டிங்கில், ராமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் எக்ஸ்எம்பியைப் போட்டுத்தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 3200 வேக ராமுக்குக் காசு கொடுத்தும் அது குறைந்த வேகத்திலேயே கிடக்கலாம். மதர்போர்ட் எடுக்கும் ராம் வகை டிடிஆர்4ஆ, டிடிஆர்5ஆ என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒன்றின் ராம் மற்றதில் ஏறாது. எஸ்எஸ்டி 1 டிபி. 256 ஜிபியில் விண்டோஸும் இரண்டு பெரிய கேமும் ஏறினால் சரி, முடிந்தது.

பெட்டியைப் பொறுத்தவரை, முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை உள்ளதாக எடுங்கள். சித்திரை வெக்கையில் காற்று உள்ளே போகவே வழியில்லாத பெட்டி எத்தனை லைட் எரிந்தாலும் உள்ளே அடுப்புத்தான். தூசு சேரும், மாதம் ஒருக்கால் பெயின்ட் பிரஷால் தட்டிவிடலாம்.

அப்புறம், பில்லில் 'கணினி 1' என்று மட்டும் எழுத விடாதீர்கள். ஒவ்வொரு பாகத்தின் பெயர், சீரியல் நம்பர், வாரண்டி எத்தனை வருடம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கார்டும் பவர் சப்ளையும் வந்த அட்டைப் பெட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் போட்டு வையுங்கள்.