ஏட்ரியாட்டிக் லீக்: கேட்டதும் சொன்னதும்

அண்ணா, ஏபிஏ லீக் என்கிறீர்களே, அது எந்த நாட்டு லீக்?

எந்த ஒரு நாட்டுடையதும் இல்லை தம்பி. செர்பியா, குரோஷியா, ஸ்லோவேனியா, போஸ்னியா, மாண்டினீக்ரோ என்று பழைய யூகோஸ்லாவியா உடைந்து உண்டான நாடுகளின் கிளப்புகள் சேர்ந்து ஆடும் கூடைப்பந்து லீக். 2001-இல் ஸ்லோவேனியத் தலைநகர் லுப்லியானாவில் ஆரம்பித்தார்கள். முதல் சீசனில் 12 அணிகள், கோப்பை உள்ளூர் ஒலிம்பியாவுக்கு. செர்பியத் தலைநகர் பெல்கிரேடின் பெரிய கிளப்புகள் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன.

போரில் அடித்துக்கொண்ட நாடுகள், போர் ஓய்ந்து ஆறே வருஷத்தில் ஒரே லீக்கில் எப்படி?

பாசத்தில் சேரவில்லை, பிழைப்புக்காகச் சேர்ந்தார்கள் என்பது என் கணிப்பு. பழைய கணக்கைப் பாருங்கள். 1985 முதல் 1992 வரை எட்டு ஐரோப்பிய சாம்பியன் கோப்பைகளில் ஆறு யூகோஸ்லாவிய மண்ணின் கிளப்புகளுக்கே போயின: குரோஷியத் தலைநகர் ஸாக்ரெபின் சிபோனா இரண்டு, அதே குரோஷியாவின் ஸ்ப்ளிட் நகர அணி தொடர்ந்து மூன்று, பெல்கிரேடின் பார்டிசான் ஒன்று. அந்தக் கடைசிக் கோப்பையின்போது போர் தொடங்கிவிட்டதால், பார்டிசான் தன் 'சொந்த மைதான' ஆட்டங்களை ஸ்பெயினின் ஃபுயன்லப்ராடாவில் ஆட வேண்டியிருந்தது.

அப்புறம் நாடு துண்டானது, சந்தையும் துண்டானது. ஸ்லோவேனியாவின் மக்கள்தொகை சுமார் 20 லட்சம், மாண்டினீக்ரோவுடையது ஆறு லட்சத்துச் சொச்சம். அங்கே தனி லீக் நடத்தினால் விளம்பரதாரரும் வரமாட்டார், நல்ல எதிரணியும் கிடைக்காது. உடைந்த சந்தையை ஒட்டவைத்ததுதான் இந்த லீக்.

அப்படியானால் உள்நாட்டு லீக் கிடையாதா?

உண்டு. பெரிய கிளப்புகள் இரண்டிலும் ஆடும். செர்பியாவில் இது முடிந்த பிறகுதான் அவர்கள் நாட்டு லீக்கின் கடைசிக் கட்டத்துக்கு வருவார்கள். வீரர்களுக்கு முதுகு ஒடியும், வேறென்ன.

விதிகள் அமெரிக்காவின் என்பிஏ லீக் மாதிரியேவா சார்?

இல்லை, சர்வதேச விதி. கால் பகுதிக்கு 12 நிமிடம் இல்லை, 10. ஐந்து ஃபவுலில் வெளியே. மூன்று பாயின்ட் கோடும் கூடைக்குக் கிட்டே, 6.75 மீட்டர்.

என்பிஏ நட்சத்திரம் யோகிச் இங்கேதான் ஆடினாரா?

ஆமாம், மெகா என்ற கிளப்பில். 2014-இல் என்பிஏ அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, டென்வர் அணி அவரை 41-ஆவது ஆளாகத்தான் எடுத்தது. அவர் உடனே விமானம் ஏறவில்லை. இன்னும் ஒரு சீசன் இங்கேயே ஆடி, 2014-15-இல் லீக்கின் சிறந்த வீரரானார். மெகாவின் வழக்கமே பொடியன்களை இறக்கி ஆடவிட்டு, தேறியதும் வெளிநாட்டுக்கு விற்பதுதான். 2016 என்பிஏ தேர்வில் அந்த ஒரே கிளப்பிலிருந்து மூன்று பேர் போனார்கள். நாற்றங்கால் மாதிரி, நாற்று இங்கே, அறுவடை வேறு வயலில். எனக்கு இதில் வருத்தம் உண்டு, ஆனால் அந்தக் காசு இல்லாவிட்டால் கிளப்பும் இல்லை.

மாண்டினீக்ரோ மாதிரி குட்டி நாட்டுக்கு வாய்ப்பே இல்லையா?

2018-இல் மாண்டினீக்ரோத் தலைநகர் பொட்கோரிட்சாவின் புதுச்னோஸ்ட், பெல்கிரேடின் ரெட் ஸ்டாரை வீழ்த்தி சாம்பியனானது. அடுத்த சீசன் ஐரோப்பாவின் உச்ச கிளப் போட்டியான யூரோலீகில் ஆடியது. மற்றபடி ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் ரெட் ஸ்டார், பார்டிசான் என்ற பெல்கிரேடின் இரண்டு கிளப்புகளின் சொந்தச் சண்டைதான் அதிகம்.

துபாய் அணி எப்படி உள்ளே வந்தது? அண்டை நாடா அது?

2024-25-இல் சேர்த்தார்கள். அண்டை நாடு இல்லை, அண்டாவில் காசு உள்ள நாடு! கேலி இருக்கட்டும், வெளியாள் புதிதல்ல. இஸ்ரேலின் மக்காபி டெல் அவீவ் 2012-இல் கோப்பையையே தூக்கிப் போயிருக்கிறது.

நீங்கள் மறக்காத ஆட்டம் எது அண்ணா?

2010 இறுதி ஆட்டம். ஸாக்ரெபில் சிபோனாவும் பார்டிசானும். ஓவர்டைம். பார்டிசான் 72-71 முன்னிலை. சிபோனாவின் போக்தானோவிச் மூன்று பாயின்ட் போட்டார், 74-72. மீதி 0.6 வினாடி. சொந்த ஊர்க் கூட்டம் வெடித்தது, சிபோனா ஆட்கள் கோர்ட்டுக்குள் ஓடி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அந்தக் களேபரத்தில் பார்டிசான் ஆள் பந்தை எடுத்து சட்டென்று உள்ளே எறிந்தார். கெட்ஸ்மான் பாதி மைதானத்திலிருந்து விட்டார். 75-74. கொண்டாடிக்கொண்டிருந்தவர்களில் சிலருக்குப் பந்து விழுந்ததே தெரிந்திருக்காது.

அதை நேரலையில் பார்த்தீர்களா?

கேட்காமல் இருந்திருக்கலாம் தம்பி. விட்டு விட்டு வரும் இணைய ஒளிபரப்பில் கண் எரிய உட்கார்ந்திருந்தேன். போக்தானோவிச் பந்து விழுந்ததும், சரி, முடிந்தது என்று கணினியை அணைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் செய்தியில் சிபோனா தோற்றதாகப் போட்டிருந்தது. எழுத்துப் பிழை என்றே நினைத்தேன்.