முள் இல்லாத வீக்கம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 52 வயது. ஆறு மாதமாக வலது முழங்கால் வீங்குவதும் வடிவதுமாக இருக்கிறது. தேய்மானம் என்றார்கள். வலி மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது. அக்காவுக்கு வேறு மாதிரி. காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் மடங்காது. காபி டம்ளரைப் பிடிக்கவே பத்து மணியாகிவிடும். இரண்டுமே அழற்சிதான், மருந்தில்லாமல் தணிக்கலாம் என்று ஒரு காணொளியில் பார்த்துவிட்டு, மஞ்சள் பாலும் நடையுமாக ஒரு மாதம் ஓட்டியிருக்கிறோம். அக்கா வாரம் ஒருமுறை போடும் மாத்திரையையும் நிறுத்திவிட்டாள். சரிதானே?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

உங்களுக்குப் பாதி சரி. அக்கா செய்தது தப்பு. இந்த வாரமே அவரை அவருடைய மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

நான் மருத்துவன் இல்லை. ஆனால் அழற்சி என்றால் என்ன என்பதை எட்டு வயதில் என் குதிகாலில் பார்த்திருக்கிறேன். விறகு பொறுக்கப் போன இடத்தில் கருவேல முள் ஏறி, உள்ளேயே ஒடிந்துவிட்டது. மறுநாள் காலை அந்த இடம் சிவந்து, சுட்டு, விம்மி, கால் செருப்பில் நுழையவில்லை. பாட்டி ஊக்கை விளக்கில் காட்டிக் கீறி முள்ளை எடுத்தாள். இரண்டு நாளில் வீக்கம் போன இடம் தெரியவில்லை. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று இதே நான்கையும் ரோமாபுரியில் செல்சஸ் என்ற மருத்துவ நூலாசிரியர் முதலாம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்துவிட்டார்.

உள்ளே நடப்பதைக் காட்டிக்கொடுத்ததும் ஒரு முள்தான். 1882இல் சிசிலித் தீவின் மெசினாவில் இருந்த ருஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாஃப், தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து முள்ளைக் கிள்ளி, கண்ணாடிபோல் உள்ளுடம்பு தெரியும் நட்சத்திரமீன் குஞ்சுக்குள் குத்திவைத்தார். தூக்கம் வராமல் விடிந்ததும் போய்ப் பார்த்தால், நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சுற்றி மொய்த்திருந்தன. 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நம் உடம்பில் ரத்தக் குழாய்கள் அகன்று, நீரும் வெள்ளணுக்களும் கசிந்து அந்த இடத்தில் கூடுகின்றன. வேலை முடிந்ததும் கூட்டம் கலையும்.

அக்காவின் விரல்களில் முள்ளே கிடையாது. காலையில் மணிக்கணக்கில் விறைப்பு, இரண்டு கையிலும் ஒன்றுபோல், வாரம் ஒரு மாத்திரை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் முடக்குவாதமாகத்தான் தோன்றுகிறது. மாத்திரை அநேகமாக மெத்தோட்ரெக்சேட். அது வலி மாத்திரை இல்லை. எதிரியே இல்லாத இடத்தில் மூட்டின் உள்சவ்வைத் தாக்கிக்கொண்டிருக்கும் வெள்ளணுப் படையைக் கட்டிவைக்கிற மருந்து. நிறுத்தினால் வலி கூடுவது மட்டும் இல்லை, எலும்பு அரிக்கத் தொடங்கும். அரித்த எலும்பு திரும்ப வராது. காலையில் வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டட்டும், நடக்கட்டும். எல்லாம் மாத்திரையோடு சேர்த்து.

உங்கள் முழங்கால் கதை வேறு. அங்கே மருந்தில்லாத வழிக்கு நிறையவே இடமுண்டு. எடை கூடுதலாக இருந்தால் அதுதான் முதல். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று 2005இல் ஓர் அமெரிக்க ஆய்வு அளந்து சொன்னது. அதோடு, வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அழற்சியைத் தூண்டும் பொருட்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அடுத்தது தொடைத் தசை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடை கல்லாக இறுகியதும் பத்து எண்ணி மெல்ல இறக்குங்கள். தொலைக்காட்சி பார்க்கும்போதே செய்யலாம். மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும் என்பதால் பலர் மூன்றாம் வாரமே விட்டுவிடுகிறார்கள்.

ஐஸா, வெந்நீரா என்பதில் ஆளுக்கொரு கட்சி. அடிபட்டால் ஐஸ் வை, அசையாதே என்று 1978இல் எழுதி உலகம் முழுக்கப் பரப்பிய அமெரிக்க விளையாட்டு மருத்துவர் மிர்கினே, ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று 2014இல் மாற்றிக்கொண்டார். விறைப்புக்குத் தவிட்டு ஒத்தடம், சுடுகிற வீக்கத்துக்குக் கொஞ்ச நேரம் ஐஸ். எது இதமோ அது. காய்ச்சலோடு முழங்கால் திடீரென்று சிவந்து வீங்கினால் மட்டும் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள்.

மஞ்சளைப் பற்றி ஈரோட்டுக்காரரிடம் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அழற்சியைத் தணிக்கும் என்று சொல்லப்படும் குர்குமின் என்ற பொருள் மஞ்சள் தூளில் நூற்றுக்கு மூன்று பங்குதான். கால் ஸ்பூனில் இருபது மில்லிகிராம் போலத் தேறும், அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் ஏறாமலே வெளியே போய்விடும். மிளகு சேர்த்தால் பல மடங்கு ஏறுகிறது என்று பெங்களூரில் 1998இல் காட்டினார்கள். பாலில் மிளகைத் தட்டிப் போட்ட பாட்டிமார் இதைப் படித்துவிட்டுப் போடவில்லை! ராத்திரிக்கு ருசியாகக் குடியுங்கள், மருந்துக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று. விட்டுப்போனதை ஈடுகட்டுகிறேன் என்று அக்கா நாலு வாரத்து மாத்திரையையும் சேர்த்துப் போட்டுவிடக் கூடாது. தினமும் போடவும் கூடாது. உயிருக்கே ஆபத்து. மிச்சமிருக்கும் அட்டையை அப்படியே கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.