டென்னிஸ் செய்தியாளராக விரும்பும் மகள்: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மையாருக்கு, வணக்கம்.

பதினேழு வயது வரை ஜூனியர் போட்டிகளில் ஆடிவிட்டு, தொழில்முறை ஆட்டக்காரராகும் எண்ணத்தைக் கைவிட்ட உங்கள் மகள், இப்போது டென்னிஸ் செய்தியாளராக விரும்புவதாகவும், அதற்கு அவர் சொல்லும் காரணம் உங்களைக் குழப்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். டென்னிஸைப் பற்றி எழுதுகிறவர்களில் பலருக்கு அந்த ஆட்டமே சரியாகத் தெரியவில்லை, தனக்குத் தெரியும், ஆகவே தான் எளிதில் முன்னுக்கு வந்துவிடலாம் என்பது அவருடைய வாதம். இதன் முதல் பகுதியில் உண்மை இருக்கிறது. இரண்டாம் பகுதியை அவர் இன்னும் நிரூபிக்கவில்லை. மூன்றாம் பகுதி இந்தத் தொழிலைப் பக்கத்திலிருந்து பார்க்காததால் வந்தது.

ஆண்டு முழுவதும் டென்னிஸை மட்டுமே பின்தொடர்ந்து, ஊர் ஊராகப் போய் எழுதுகிற செய்தியாளர்கள் உலகம் முழுவதிலும் சிறிய கூட்டமே. அவர்களுடைய அறிவைப் பற்றி உங்கள் மகள் குறை சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலான வாசகர்கள் படிக்கும் செய்திகளை எழுதுவது அவர்கள் அல்ல. கால்பந்தையும் தடகளத்தையும் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகள் வரும்போது மட்டும் டென்னிஸ் பக்கம் திரும்பும் பொது விளையாட்டு நிருபர்களே அவற்றை எழுதுகிறார்கள். அவர்களில் பலர் ஆட்டத்தை முழுமையாகப் பார்க்க நேரமில்லாமல், ஸ்கோரையும் செய்தி நிறுவனம் அனுப்பிய குறிப்பையும் வைத்துக்கொண்டு கெடுவுக்குள் முடிக்க வேண்டியவர்கள். பிழைகள் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கின்றன. அவற்றுக்கு அறியாமையைவிட அவசரமே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

தரவரிசையைப் பற்றி எழுதும்போது இது நன்றாகத் தெரியும். தரவரிசைப் புள்ளிகள் 52 வாரக் கணக்கில் வருவன என்பதும், கிராண்ட்ஸ்லாம் வென்றவருக்குக் கிடைக்கும் 2,000 புள்ளிகள் மறு ஆண்டு அதே போட்டியின்போது கணக்கிலிருந்து கழிந்துவிடும் என்பதும் தெரியாதவர், முந்தைய ஆண்டின் சாம்பியன் இறுதி ஆட்டம் வரை வந்து தோற்றும் ஏன் பின்தங்குகிறார் என்பதை விளக்க முடியாமல், அவருடைய ஆட்டம் சரிந்துவிட்டது என்று எழுதிவிடுவார். 2022 விம்பிள்டன் இதற்கு நல்ல சோதனையாக இருந்தது. ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரர்களை அந்தப் போட்டி தடை செய்ததால், தரவரிசையை வெளியிடும் ஆடவர், மகளிர் தொழில்முறை டென்னிஸ் சங்கங்கள் இரண்டும் அந்த ஆண்டு அங்கே புள்ளி எதுவும் வழங்கவில்லை. தன் முதல் கிராண்ட்ஸ்லாம் பட்டத்தை வென்ற எலேனா ரைபாகினாவுக்கு அதற்காக ஒரு புள்ளிகூடச் சேரவில்லை. ஆடவர் பட்டத்தை வென்ற நோவாக் ஜோகோவிச்சோ, முந்தைய ஆண்டின் புள்ளிகள் கழிந்ததால், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே 3ஆம் இடத்திலிருந்து 7ஆம் இடத்துக்கு இறங்கினார். இதை இரண்டு வாக்கியங்களில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர்தான் டென்னிஸ் செய்தியாளர்.

இனி உங்கள் மகளிடம் ஏற்கெனவே இருக்கும் முதலீட்டைப் பற்றி. அது உண்மையானது, குறைத்து மதிப்பிட வேண்டாம். ரஃபேல் நடால், ரோஜர் ஃபெடரரோடு மோதிய 40 ஆட்டங்களில் 24இல் வென்றதற்குக் காரணம் கேட்டால், மனவுறுதி என்று எழுதுவது எவருக்கும் எளிது. ஆடிப் பழகியவர் வேறொன்றைப் பார்ப்பார். ஒருவரே தொடர்ந்து சர்வ் போடும் சுற்றுக்குக் கேம் என்று பெயர்; அதில் புள்ளிகளை 15, 30, 40 என்று எண்ணுவார்கள். ஒரு கேமில் ஒற்றைப்படை எண்ணிக்கையில் புள்ளிகள் முடிந்திருந்தால், அடுத்த சர்வ் கோர்ட்டின் இடப்பக்கத்திலிருந்து போடப்படும். 40-30, 30-40, அட்வான்டேஜ் (40-40 சமநிலைக்குப் பின் ஒருவர் ஒரு புள்ளி முந்தியிருக்கும் நிலை), 40-0, 0-40 ஆகிய எல்லாமே அந்தப் பக்கத்துக்கு உரியவை. 40-15, 15-40 ஆகிய இரண்டு மட்டுமே வலப்பக்கத்தில் அமைகின்றன. கேமை முடிக்கும் அல்லது பறிகொடுக்கும் தருணங்களில் பெரும்பாலானவை இடப்பக்கத்தில் வருகின்றன என்பதே இதன் பொருள். நடாலைப் போன்ற இடக்கை ஆட்டக்காரர் பக்கவாட்டில் சுழலவிட்டு அங்கிருந்து போடும் ஸ்லைஸ் சர்வ், வலக்கை ஆட்டக்காரரின் பேக்ஹேண்டை, அதாவது அவர் இடப்பக்கத்தில் அடிக்கும் அடியைத் தாண்டி, பக்கக் கோட்டுக்கு வெளியே வளைந்து செல்லும். ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் அடிக்கும் ஃபெடரர் கோர்ட்டை விட்டு வெளியே இழுக்கப்பட்டு அதை எடுக்க வேண்டியிருந்தது. அதுவும் பிரேக் பாயிண்ட், அதாவது எதிராளி சர்வ் போடும் கேமைப் பறிக்கும் வாய்ப்பு, கிடைத்த நேரத்தில். இந்த ஒரு பத்தியை எழுதக்கூடியவருக்கு மனவுறுதி என்ற சொல்லின் தேவை வெகுவாகக் குறைந்துவிடும்.

பந்தைக் குறுக்காக அடிப்பதா, கோட்டை ஒட்டி நேராக அடிப்பதா என்பதும் அப்படித்தான். வலை நடுவில் 0.914 மீட்டர் உயரமும் கம்பங்களின் அருகே 1.07 மீட்டர் உயரமும் கொண்டது. ஒற்றையர் கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர், மூலைவிட்டமோ 25 மீட்டருக்குச் சற்று அதிகம். குறுக்காக அடிப்பவருக்கு வலையும் தாழ்வு, பந்து விழ இடமும் கூடுதல். நேராக அடிப்பவருக்கு இரண்டும் எதிர். ஆகவே பந்து மாறி மாறிப் போய்வரும் நீண்ட ராலியின் நடுவே ஒருவர் திடீரென்று நேராக அடிக்கும்போது அவர் ஓர் அபாயத்தை ஏற்றுக்கொள்கிறார், அல்லது களைத்துப்போய் ராலியை முடித்துவிட விரும்புகிறார். உங்கள் மகளின் கைக்கும் காலுக்கும் இது கணக்குப் போடாமலே தெரியும். ராக்கெட்டைத் தொட்டே பார்க்காத வாசகருக்குப் புரியும்படி எழுதத் தெரியுமா என்பதைத்தான் அவர் இன்னும் யாருக்கும் காட்டவில்லை. ஆடிய பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். தமக்குத் தெரிந்தது மற்றவர்களுக்கும் தெரியும் என்று நினைத்து விளக்கத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஆடியதால் மட்டும் வராத அறிவு ஒன்று உண்டு என்பதையும் அவர் கேட்டுக்கொள்ள வேண்டும். 2018 அமெரிக்க ஓப்பன் மகளிர் இறுதி ஆட்டத்தில் நவோமி ஒசாகா 6-2, 6-4 என்று வென்ற அன்று, செய்தி ஆட்டத்தைப் பற்றியதாக இருக்கவில்லை. பயிற்சியாளரிடமிருந்து சைகை வந்ததாகச் செரீனா வில்லியம்ஸுக்கு முதலில் எச்சரிக்கை, ராக்கெட்டை உடைத்ததற்கு ஒரு புள்ளி பறிப்பு, நடுவரைக் கடிந்து பேசியதற்கு ஒரு கேம் பறிப்பு என்று தண்டனை படிப்படியாக ஏறியது. அந்தப் படிவரிசை விதிப்புத்தகத்தில் இருப்பதுதான் என்பதை அறிந்த நிருபர்கள் அன்று நிதானமாக எழுதினார்கள். மற்றவர்கள் நடுவர் தானாக முடிவெடுத்ததுபோல எழுதினார்கள். அதே சமயம், விதி நியாயமானதா, எல்லோருக்கும் ஒரேபோல் பயன்படுத்தப்படுகிறதா என்று கேட்பதும் செய்தியாளரின் வேலைதான். விதி தெரிந்தவரின் கேள்விக்கே அங்கு எடை இருந்தது. அரங்கில் அமர்ந்திருக்கும் பயிற்சியாளர் ஆலோசனை சொல்வதை 2025 முதல் சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளே அனுமதிக்கின்றன என்பதையும் சேர்த்துப் படித்தால், விதிகளைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியதன் தேவை விளங்கும்.

ஊக்கமருந்து வழக்குகள் இதைவிடக் கடினமானவை. யானிக் சின்னர் 2024 மார்ச்சில் க்ளோஸ்டெபால் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டுக்கான சோதனையில் சிக்கியதும், தவறு அவருடையது அல்ல என்று தீர்ப்பாயம் முடிவு செய்ததும் அந்த ஆண்டு ஆகஸ்டில்தான் வெளியே வந்தன. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு மேல்முறையீடு செய்து, 2025 பிப்ரவரியில் மூன்று மாதத் தடை என்ற உடன்பாட்டில் அது முடிந்தது. இத்தனை மாதங்கள் ஏன் மறைவாக இருந்தது, தவறே இல்லை என்பதற்கும் குறிப்பிடத்தக்க தவறு இல்லை என்பதற்கும் சட்டத்தில் என்ன வேறுபாடு என்ற கேள்விகளுக்கு ஃபோர்ஹேண்ட் அறிவு எந்த வகையிலும் உதவாது. தீர்ப்பைப் பக்கம் பக்கமாகப் படிக்கும் பொறுமைதான் உதவும்.

டென்னிஸுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் உள்ளிருப்பவர்களைவிடத் துணிவாக எழுதியதும் உண்டு. 2016 ஜனவரியில், ஆஸ்திரேலிய ஓப்பன் தொடங்கும் வேளையில், ஆட்ட முடிவுகளை முன்கூட்டியே பேசி முடிப்பதாக எழுந்த சந்தேகங்களைப் பிபிசியும் பஸ்ஃபீட் என்ற இணையத் தளமும் இணைந்து வெளியிட்டன. அதன் ஒரு பகுதி, பந்தயச் சந்தையில் விகிதங்கள் எப்படி மாறின என்ற தரவுப் பகுப்பாய்வு. ஒருவருக்குக் காயம் என்ற தகவல் கசிந்தாலும் விகிதம் மாறும் என்று டென்னிஸ் அறிந்தவர்கள் அப்போது எதிர்வாதம் செய்தார்கள். அந்த எதிர்வாதத்திலும் பொருள் இருந்தது. வெளியாளின் துணிவும் உள்ளாளின் அறிவும் ஒரே ஆளிடம் சேர்வது அரிது. உங்கள் மகள் அந்த இடத்தைக் குறிவைத்தால் நான் மகிழ்வேன்.

வர்ணனையாளர் பணியை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். தொலைக்காட்சி மைக் பெரும்பாலும் பட்டம் வென்ற முன்னாள் ஆட்டக்காரர்களுக்கே போகிறது. அவர்களுடைய அறிவு ஆழமானது, ஆனால் நெருக்கமும் அதே அளவுக்கு இருக்கிறது. 2016இல் முன்னாள் சாம்பியன் ஜான் மெக்கன்ரோ, கனடா ஆட்டக்காரர் மிலோஸ் ராவ்னிச்சின் பயிற்சிக் குழுவில் இருந்துகொண்டே விம்பிள்டனில் வர்ணனையும் செய்தபோது எழுந்த கேள்விகள் நியாயமானவை என்றே கருதுகிறேன். எழுத்துப் பக்கத்திலோ பெயர் பெற்ற பலர் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர். பாஸ்டன் குளோப் நாளிதழில் எழுதிய பட் காலின்ஸ் நன்றாக ஆடுவார், 1961இல் அமெரிக்க உள்ளரங்கக் கலப்பு இரட்டையர் பட்டத்தையும் வென்றார் என்றாலும், அவரை நிலைநிறுத்தியது எழுத்தும் குரலும்தான்.

வேலை நிலவரத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டென்னிஸுக்கென்றே ஒருவரை முழுநேரமாக வைத்திருக்கும் நிறுவனங்கள் மிகக் குறைவு. நியூயார்க் டைம்ஸ் போன்ற நாளிதழே 2023இல் தன் விளையாட்டுப் பிரிவைக் கலைத்துவிட்டு, தனக்குச் சொந்தமான தி அத்லெடிக் தளத்திடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தது. தனித்து எழுதுகிறவர்கள் பயணச் செலவையும் தங்கும் செலவையும் தாமே ஏற்க நேர்கிறது; ஜனவரியில் தொடங்கும் பருவம் நவம்பர் வரை நீள்கிறது. ஆகவே முதல் வேலை டென்னிஸ் நிருபர் வேலையாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், ஏதாவது ஒரு செய்தி அறையின் பொது விளையாட்டுப் பிரிவில் சேர்ந்து, வேறு இரண்டு ஆட்டங்களையும் எழுதப் பழகுவதே பாதுகாப்பான வழி. உங்கள் மகள் இன்று கேலி செய்கிற அந்தப் பொது நிருபரின் நாற்காலியில்தான் அவரும் சில ஆண்டுகள் உட்கார வேண்டியிருக்கும். அவரிடம் இதை நீங்கள் சொல்வதைவிட நான் சொன்னதாகச் சொல்வது வீட்டில் அமைதிக்கு நல்லது.

இளங்கலையில் இதழியல்தான் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. புள்ளியியல், சட்டம், பொருளாதாரம் ஆகியவற்றில் எதைப் படித்தாலும், பிறகு இதழியலில் ஒரு முதுகலையோ பட்டயமோ சேர்த்துக்கொள்ளலாம். மேலே சொன்ன வழக்குகளும் தரவுகளும் அந்தப் படிப்பு உள்ளவருக்கே எளிதில் வசப்படும். கூடவே ஸ்பானிய மொழியையோ பிரெஞ்சு மொழியையோ கற்பது வீண்போகாது. ஆட்டக்காரர்கள் செய்தியாளர் சந்திப்பில் ஆங்கிலத்தில் பேசி முடித்த பிறகு தங்கள் தாய்மொழியில் பேசத் தொடங்குவார்கள்; மனம் திறந்த பதில்கள் பல சமயம் அப்போதுதான் வரும்.

பயிற்சியை இன்றே தொடங்கலாம். தொலைக்காட்சியில் ஓர் ஆட்டத்தை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கட்டும். ஒவ்வொரு புள்ளியிலும் சர்வ் எங்கே விழுந்தது, எத்தனை அடிகளில் முடிந்தது, யார் எந்தப் பக்கம் அடித்துத் தவறினார் என்று தாளில் குறிக்கட்டும். மேட்ச் சார்ட்டிங் புராஜெக்ட் என்ற பெயரில் தன்னார்வலர்கள் உலகெங்கும் இப்படித்தான் ஆட்டங்களைப் பதிவு செய்கிறார்கள், அவரும் சேரலாம். எதிராளியின் நெருக்கடி இல்லாமல் தானாகச் செய்த தவறு (அன்ஃபோர்ஸ்டு எரர்) என்று திரையில் வரும் எண்ணிக்கை ஒரு மனிதரின் தீர்ப்பைச் சார்ந்தது என்பது அப்போது அவருக்குத் தானாகவே பிடிபடும். கடைசிப் புள்ளி முடிந்த அரை மணி நேரத்துக்குள் நானூறு சொற்களில் செய்தியை எழுதி முடிக்க வேண்டும். 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். ஃபெடரர் 218 புள்ளிகளும் ஜோகோவிச் 204 புள்ளிகளும் எடுத்த அந்த ஆட்டத்தில் ஜோகோவிச் வென்றார். சமநிலையில் நிற்கும் செட்டை முடிவு செய்யும் டை-பிரேக்குகள் மூன்றும் அவருக்கே போயின. ஐந்தாம் செட்டில் 8-7 என்ற நிலையில் ஃபெடரர் தன் சர்வில் வென்றால் பட்டம் கிடைக்கும் இரண்டு சாம்பியன்ஷிப் புள்ளிகளைத் தவறவிட்டார். டென்னிஸ் கணக்கை அறியாத உங்களுக்கு, அவர் எழுதியதைப் படித்ததும் தோற்றவர் எப்படி அதிகப் புள்ளி எடுத்தார் என்பது புரிய வேண்டும். முதல் வாசகராக நீங்களே இருப்பது அதனால்தான் நல்லது.

அடுத்ததாக, அருகில் நடக்கும் சிறிய போட்டிகளுக்கு நோட்டுப் புத்தகத்தோடு போகட்டும். சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு நடத்தும் ஆடவர் உலகச் சுற்றின் அடிமட்டப் போட்டியில் ஒற்றையர், இரட்டையர் எல்லாவற்றுக்கும் சேர்த்து மொத்தப் பரிசுத்தொகையே 15,000 டாலர்தான். அதைப் பங்கிட்டுக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகிறவர்களின் வாழ்க்கையைப் பெரிய நாளிதழ்கள் அரிதாகவே எழுதுகின்றன. அங்கே செய்தியாளர் கூட்டம் இல்லாததால் ஆட்டக்காரர்கள் நின்று பேசுவார்கள். அந்த உலகத்தை ஜூனியராக ஆடிய உங்கள் மகள் ஏற்கெனவே பாதி அறிந்தவர். பெரிய போட்டிகளில் செய்தியாளர் அனுமதி கேட்கும்போது, வெளியான கட்டுரைகளையும் நிறுவனத்தின் கடிதத்தையும் பொதுவாகக் கேட்பார்கள். இப்படிச் சேரும் கட்டுரைகளே அதற்குக் கைகொடுக்கும்.

சேர்க்கைப் படிவத்தில் இதழியலை முதல் விருப்பமாக நிரப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். கடைசித் தேதிக்கு முன்னால் மூன்று ஆட்டச் செய்திகளையும், சிறிய போட்டி ஒன்றில் ஓர் ஆட்டக்காரரிடம் எடுத்த ஒரு நேர்காணலையும் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அவற்றைப் படித்த பிறகு நாம் மூவரும் பேசி அந்தக் கட்டத்தை நிரப்பலாம். அதுவரை புள்ளியியலை முதலிலும் இதழியலை இரண்டாவதாகவும் பென்சிலால் குறித்து வையுங்கள்.