ஜிஎம்னா கட்டியக்காரன் மாதிரி: டேபிள்டாப் ஆர்பிஜி கேள்வி-பதில்

கேள்விங்க நெறைய சேந்துடுச்சு, ஒரே மூச்சுல பதில் போட்டுடறேன். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு இப்ப மூணு மாவட்டமா பிரிஞ்சாலும் கேட்டவங்க எல்லாம் நம்ம பழைய வட ஆற்காட்டு ஆளுங்க தான். ஞாயித்துக்கெழம மத்தியானம் மொட்டமாடி கீத்துக்கொட்டாய்ல பல வருஷமா டேபிள் நடத்திக்கினு இருக்கேன், அதுல கத்துக்கிட்டது தான் இது. புதுசா படிக்கறவங்களுக்காக ஒரு வரி சொல்லிடறேன்: ஆர்பிஜின்னா ரோல்-பிளேயிங் கேம், ஒருத்தர் ஜிஎம் (கேம் மாஸ்டர், ஆட்டத்த நடத்தறவரு), மத்தவங்களுக்கு ஆளுக்கொரு கேரக்டர், ஜிஎம் இடத்தையும் சூழ்நிலையையும் சொல்லுவாரு, என் கேரக்டர் இன்னா செய்யுதுன்னு பிளேயர் சொல்லுவாரு, நடக்குமா நடக்காதான்னு சந்தேகம் வந்தா டைஸ உருட்டுவோம்.

காட்பாடி, காலேஜ் ஹாஸ்டல்: நாங்க அஞ்சு பேரு, யாருமே ஆடுனதில்ல. டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) புக்ஸ் மூணு வாங்கணும்னு சொல்றாங்க, வெல கட்டுப்படியாகல. எதுல ஆரம்பிக்கறது?

தம்பி, ஒரு ரூவா செலவு பண்ணாம ஆரம்பிக்கலாம். டி அண்ட் டி 1974ல அமெரிக்கால கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன்னு ரெண்டு பேரு கொண்டாந்தது, இந்த வகைக்கே மூத்தது அதான், அதனால எல்லாரும் மொதல்ல அந்த பேர சொல்றாங்க. அதோட அஞ்சாவது எடிஷன் அடிப்படை ரூல்ஸ எஸ்ஆர்டின்னு ஒரு பிடிஎஃப்பா 2023 ஜனவரில கிரியேட்டிவ் காமன்ஸ்ல விட்டுட்டாங்க, இறக்கி படிக்கலாம், அவங்க பேர குறிப்பிட்டுட்டு தமிழ்லயே மாத்தி எழுதிக்கலாம், தப்பே கெடையாது. ஆனா அது சுமார் 400 பக்கம். செமஸ்டர் நடுவுல அஞ்சு பேரும் அத படிச்சு முடிச்சு ஆடப்போறதில்ல, படிச்ச ஒருத்தன் மத்த நாலு பேருக்கும் வாத்தியாராயிடுவான், அங்கயே ஆட்டம் செத்துடும்.

மொத நாளைக்கு லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் எடுங்க. ஜான் ஹார்ப்பர் போட்டது, மொத்த ரூலும் ஒரே பக்கம், இலவசம். ஒவ்வொருத்தரும் 2லேந்து 5க்குள்ள ஒரு நம்பர் எடுத்துக்கணும், அவ்ளோ தான் கேரக்டரோட கணக்கு. மூளைய வெச்சு செய்யற வேலைக்கு அந்த நம்பருக்கு கீழ விழணும், மனச வெச்சு செய்யற வேலைக்கு மேல விழணும். உன் நம்பர் 4னா, பூட்டிகிட்டு இருக்கற கதவ வயர மாத்திப்போட்டு தெறக்க 1, 2, 3 விழணும், வாச்மேன பேசி மடக்க 5, 6 விழணும். சரியா 4ஏ விழுந்தா ஜிஎம்ம ஒரு கேள்வி கேக்கலாம், அவரு உண்மைய சொல்லியாகணும். இந்த கடைசி ரூல் தான் எனக்கு உசுரு. அது விண்வெளிக் கப்பல் கத, புடிக்கலன்னா கப்பல எடுத்துட்டு காட்பாடி ஜங்ஷன்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஆறு மணி நேரம் லேட்டா வந்து நிக்கற ரயில வெச்சுக்கோங்க, ரூல் அப்டியே ஒக்காரும்.

ரெண்டு மூணு தடவ ஆடின அப்பால தான் எது வேணும்னு உங்களுக்கே தெரியும். பயம் வேணும்னா கால் ஆஃப் கதுல்ஹு, 1981லேந்து கேயோசியம் போடறது, குயிக்ஸ்டார்ட்னு ஆரம்பிக்கறவங்களுக்கான சுருக்கமான ரூல்ஸ் இலவசமா கெடைக்குது, எல்லாமே நூத்துக்கு எத்தினின்ற கணக்கு தான், அதனால யாருக்கும் வெளக்க வேண்டியதில்ல. திருட்டு, கூட்டாளிங்க, ஊர் அரசியல்னு வேணும்னா பிளேட்ஸ் இன் த டார்க். சண்டைல கட்டம் கட்டமா யோசிச்சு ஆடணும்னா பாத்ஃபைண்டர் ரெண்டாம் எடிஷன், ரூல்ஸ் பூரா ஆன்லைன்ல சும்மாவே இருக்கு. ஊரே ஆடுதுன்னு ஒரு கேம எடுக்காதீங்க, சாயங்காலம் டீக்கடைல உங்க அஞ்சு பேரோட பேச்சு எந்தப் பக்கம் போவுதுன்னு பாத்து எடுங்க.

ஆம்பூர்: டி20 (இருபது பக்க டைஸ்), டி4 (நாலு பக்க டைஸ்) எல்லாம் இங்க கடைல இல்ல, பரமபத டைஸ் தான் கெடைக்குது. அத வெச்சு ஓட்டலாமா?

தாராளமா. மொதல்ல, வீட்ல பித்தளை தாயக்கட்ட இருக்கா பாருங்க. ஒரு கட்டைக்கு நாலு பக்கம், ஒண்ணு, ரெண்டு, மூணு, அப்புறம் ஒண்ணுமில்லாத வழவழப்பான பக்கம். அந்த வெத்து பக்கத்த நாலுன்னு வெச்சுக்கினா டி4 ரெடி, கத்திக்குத்து டேமேஜுக்கு அது போதும். கடைல விக்கற கூம்பு டி4 உருளவே உருளாது, வெறுங்கால்ல மிதிச்சா உசுரு போயிடும், தாயக்கட்ட உள்ளங்கைல உரசி ஓடும்போது வர்ற அந்த சத்தம் இருக்கே, டேபிளே அமைதியாயிடும்.

டி20க்கு பதிலா மூணு சாதா டைஸ கூட்டிக்கலாமேன்னு நெறைய பேரு செய்யறாங்க. சராசரி ரெண்டுக்கும் 10.5 தான், ஆனா ஆட்டம் மாறிடும். டி20ல 16ஓ அதுக்கு மேலயோ விழ 25 சதவீதம் வாய்ப்பு, மூணு டைஸ்ல 216க்கு 10, அதாவது 5 சதவீதம் கூட இல்ல. கஷ்டமான வேலையெல்லாம் நடக்கவே நடக்காது, பிளேயருங்க ஏன்னு தெரியாமயே சோந்துபோயிடுவாங்க. அதுக்கு பதில் ஒண்ணுலேந்து இருபது வரைக்கும் சீட்டு எழுதி டப்பால போட்டு குலுக்கி எடுங்க, எடுத்தத ஒவ்வொரு தடவையும் திருப்பி உள்ள போட்டுடணும், அது முக்கியம்.

இல்லன்னா ரெண்டு சாதா டைஸ்லயே ஓடற டன்ஜன் வேர்ல்ட் மாதிரி கேம் எடுத்துக்கோங்க. கூட்டு 10, அதுக்கு மேல போனா நெனச்சது நடக்கும், 7லேந்து 9 வந்தா நடக்கும் ஆனா ஒரு வில குடுக்கணும், 6க்குள்ள வந்தா ஜிஎம் கை ஓங்கும். அந்த நடு எடம் 36க்கு 15 தடவ வரும், கத சூடாகறதே அங்க தான்.

ஆற்காடு: 20 பக்கம் கத எழுதி வெச்சேன். மொத அர மணி நேரத்துலயே பிளேயருங்க வேற ரூட்ல போயிட்டாங்க. எப்டி திருப்பி இழுத்தாறது?

இழுக்காதீங்கண்ணா. இந்தக் கேள்விக்கு கொஞ்சம் நீளமாவே எழுதறேன், ஏன்னா இதே தப்ப நான் பண்ணி ஒரு நல்ல டேபிளையே கலச்சிருக்கேன்.

வேலூர் கோட்டைய வெச்சு ஒரு ஆட்டம் கட்டினேன். 1806 ஜூலை 9 ராத்திரி, வேலூர் சிப்பாய் புரட்சி வெடிக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி. உள்ள மகால்ல திப்பு குடும்பம், அன்னிக்கு திப்பு பொண்ணு ஒண்ணுக்கு கல்யாணம், சிப்பாயுங்க புது தலப்பாக மேலயும், நெத்தில திருநீறு நாமம் வெக்கக்கூடாதுன்ற உத்தரவு மேலயும் கொதிச்சுப்போயி இருக்காங்க, விடியறதுக்குள்ள வெடிக்கப் போவுது. பிளேயருங்க நாலு பேரும் சிப்பாயுங்க. எழுந்து நிக்கறதா வேணாமான்னு நாலு பேரும் மனசு போராடணும், கடைசில மகால் முன்னாடி முடியணும்னு நான் எழுதி வெச்சிருந்தேன். நடந்தது இன்னான்னா, பள்ளிக்கூடத்துல சரித்திரத்த ஒழுங்கா படிச்ச ஒரு பொண்ணு எழுந்துகினு, "கோட்டைக்கு வெளிய இருந்த ஒரு ஆபீசர் ஆற்காட்டுக்கு குதிரைல போயி சொன்னதால தானே அங்க இருந்த வெள்ளக்கார தளபதி கில்லஸ்பி படையோட வந்தாரு? நாங்க அகழிய தாண்டி போயி ஆற்காட்டு ரோட்ல அவர மறிக்கறோம்"னு சொல்லிச்சு. இன்னா அருமையான யோசன! நான் இன்னா பண்ணேன் தெரியுமா, அகழில முதல இருக்கு, கதவுல காவல் டபுள், இருட்டுல வழி தெரியலன்னு ஒண்ணொண்ணா அடச்சேன். நாலாவது தடவ "முடியாது"ன்னு சொன்னப்போ அந்தப் பொண்ணு கைல இருந்த பென்சில கீழ வெச்சுது. திருப்பி எடுக்கல. ஆட்டம் முடியறவரைக்கும் "நீங்களே சொல்லுங்கண்ணா"ன்னு மட்டும் தான் சொல்லிச்சு. அடுத்த வாரம் ரெண்டு பேரு வரல.

அப்பால தான் தெருக்கூத்து ஞாபகம் வந்துச்சு. நம்ம பக்கத்துல பாரதம் நடக்கும்போது பாத்திருப்பீங்க. ரெண்டு பேரு திரத்துணிய புடிச்சிக்கினு நிப்பாங்க, மேல கிரீடம் மட்டும் ஆடும், சலங்க சத்தம் கேக்கும். கட்டியக்காரன் இன்னா பண்றான்? உள்ள இருக்கறது துரியோதனன்னு அவனுக்கு தெரியாதா? தெரியும். ஆனாலும் நீ யாரு, எந்த ஊரு, எதுக்கு வந்தேன்னு கேப்பான். வேஷம் பதில் சொல்ல சொல்ல தான் ராஜா உருவாவறாரு. ஜிஎம் வேல அதான். கத சொல்றது இல்ல, கேக்கறது. "அகழிய எப்டி தாண்டப்போற? நீச்சல் எங்க கத்துக்கின? துப்பாக்கிய கூட எடுத்துக்கினு போறியா, இங்கயே உட்டுட்டு போறியா?" இத கேட்டிருந்தா அன்னிக்கு ராத்திரி எனக்கு வாழ்நாள் ஆட்டமா அமஞ்சிருக்கும்.

அதனால 20 பக்கத்த ஒரு பக்கமா சுருக்குங்க. யாரு யாரு இருக்காங்க, ஆளாளுக்கு இன்னா வேணும், பிளேயருங்க கை வெக்கலன்னா எத்தினி மணிக்கு இன்னா நடக்கும். அவ்ளோ தான். நான் அதே கோட்ட ஆட்டத்த அடுத்த வருஷம் வேற குரூப்போட இப்டி தான் ஓட்டினேன். ஒரு வட்டம் போட்டு ஆறு துண்டா பிரிச்சு "ஆற்காட்டுலேந்து குதிரப்படை"ன்னு மேல எழுதி டேபிள் நடுவுல வெச்சேன் (பிளேட்ஸ் இன் த டார்க்ல கிளாக்னு சொல்ற முற). பிளேயருங்க நேரத்த வீணாக்கினாலோ உருட்டு சொதப்பினாலோ ஒரு துண்டு கருப்படிப்பேன். ஆற்காடு சுமார் 25 கிலோமீட்டர் தான், குதிரைக்கு அது ஒரு தூரமே இல்ல. அஞ்சாவது துண்ட அடிச்சப்போ ஒருத்தன் நாற்காலிய உட்டு எழுந்து நின்னுட்டான். யாரையும் நான் எங்கயும் இழுக்கல.

குடியாத்தம், டீச்சர்: ஒம்போதாவது பசங்களுக்கு தமிழ்லயே நடத்த முடியுமா? கலைச்சொல் எதுவும் இல்லையே?

முடியும் டீச்சர், தமிழ்ல நடத்தினா தான் பசங்க வாயத் தெறப்பாங்க. ஹிட் பாயிண்டுக்கு நான் உசுருன்னு சொல்றேன், "உனக்கு இன்னும் ஆறு உசுரு இருக்கு"ன்னா ஒடனே புரியுது. சேவிங் த்ரோவுக்கு, அதாவது ஆபத்துலேந்து தப்பிக்க போடற டைஸுக்கு, தப்பிக்கிற உருட்டு. லெவல், டைஸ், கேரக்டர் எல்லாம் அப்டியே விட்டுடுங்க, தாத்தா தாயம் ஆடினப்பவே பேத்தி செல்ஃபோன்ல லெவல் ஏறிக்கினு தான் இருக்கு. கிளாஸ் பூராவும் ஒரே டேபிள்னு மட்டும் வெக்காதீங்க. நாலஞ்சு பேருக்கு மேல போனா ஓரத்துல ஒக்காந்திருக்கற புள்ளைக்கு முக்கா மணி நேரத்துல ஒரு வாட்டி கூட பேச வராது. ரெண்டு கெட்டிக்காரப் பசங்கள மொதல்ல ஜிஎம்மா பழக்கிட்டு டேபிள பிரிச்சுடுங்க. ராஜகுமாரி, டிராகன் வேணாம், ஜவ்வாது மலைல காணாமப்போன ஆட்டத் தேடி போறாங்கன்னு ஆரம்பிங்க, பாதிப் பேருக்கு ஆடு மேய்ச்ச அனுபவமே இருக்கும், உங்களுக்கே சொல்லிக்குடுப்பாங்க.

ராணிப்பேட்டை: எல்லாரும் ஷிஃப்ட்டு வேல. ரெண்டு வாரம் ஆடறோம், மூணாவது வாரம் கலஞ்சுடுது.

எல்லாரும் வந்தா தான் ஆட்டம்னு வெச்சீங்கன்னா அந்த நாள் வரவே வராது. மூணு பேரு வந்தா ஆட்டம்னு முடிவு பண்ணிடுங்க, நாளயும் மாத்தாதீங்க. ஒவ்வொரு தடவையும் ஊருக்கு திரும்பி வந்து முடியற மாதிரி சின்ன கதையா ஓட்டுங்க, சுரங்கத்துக்கு நடுவுல நிறுத்தினா அடுத்த வாரம் வராதவன் கேரக்டர இன்னா பண்றதுன்னு தகராறு வரும்.

வேலூர்: எங்க குரூப்ல நான் ஒருத்தி தான் பொண்ணு. ஒருத்தர் என் கேரக்டர் கிட்ட எப்பப் பாரு அசிங்கமா வழிஞ்சு பேசுறாரு. கேட்டா "கேரக்டர் தான் பேசுது, நான் இல்ல"ன்றாரு.

தங்கச்சி, கேரக்டர் வாயில வர்றது எல்லாம் ஒக்காந்திருக்கற ஆளு முடிவு பண்ணி சொல்றது தான். அந்தப் பேச்ச ஒத்துக்காத. மொதல்ல ஜிஎம் கிட்ட தனியா, தெளிவா சொல்லு, இத நிறுத்தறது அவரு பொறுப்பு, உன் பொறுப்பு இல்ல. ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி செஷன் ஜீரோன்னு ஒரு நாள் ஒக்காந்து இந்த டேபிள்ல எது வரவே கூடாது, எது வந்தாலும் வெளாவரியா சொல்லாம தாண்டிப் போகணும்னு பேசி எழுதிக்கறது இப்ப எல்லா எடத்துலயும் வழக்கம். ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் சொன்ன எக்ஸ் கார்டும் இருக்கு, டேபிள் நடுவுல எக்ஸ் போட்ட ஒரு அட்ட, யாரு தொட்டாலும் அந்தக் காட்சி அங்கயே கட், ஏன்னு யாரும் கேக்கக்கூடாது. என் டேபிள்ல அது இல்லாம ஆட்டம் தொடங்கறதில்ல. இத சொல்லியும் ஜிஎம் சிரிச்சு மழுப்பினா எழுந்து வந்துடு. வேற டேபிள் கெடைக்கும், கெடைக்கலன்னா நீயே ரெண்டு தோழிங்கள வெச்சு ஆரம்பி, ஜிஎம்மே இல்லாம ஆடற ஃபியாஸ்கோ மாதிரி கேமும் இருக்கு.

சத்துவாச்சாரி: பையன் பிசாசு, மந்திரம்னு பேசிக்கினு ராத்திரி ஆடறான். தப்பான பழக்கமா சார்?

இல்லம்மா. 1980கள்ல அமெரிக்காலயும் பெத்தவங்க இப்டித்தான் பயந்தாங்க, பிசாசு வழிபாடுன்னு எல்லாம் பேச்சு கெளம்புச்சு, அது வெறும் பயம் தான். ஒரு நாள் பக்கத்துல ஒக்காந்து பாருங்க, முடிஞ்சா ஒரு கெழவி வேஷம் கேட்டு வாங்கி ஆடுங்க. ராத்திரி நேரம் பத்தி மட்டும் கண்டிஷனா இருங்க, அது நியாயம்.

திருப்பத்தூர்: கூட ஆட ஆளே இல்ல. தனியா ஆட வழி இருக்கா?

அயர்ன்ஸ்வோர்ன். ஷான் டாம்கின் போட்டது, பிடிஎஃப் இலவசம், தனியா ஆடறதுக்கும் சேத்தே எழுதின ரூல்ஸ். ஆமாவா இல்லையான்னு நீங்க கேக்க, டைஸ் பதில் சொல்லும். ஒரு நோட்டு போட்டு நடந்தத எழுதிக்கினே போங்க.

வாணியம்பாடி: பிளேயர் சாகப்போறான்னா ஜிஎம் டைஸ மறச்சு நம்பர மாத்தி சொல்லலாமா?

நான் மாத்தறதில்ல, எல்லாரும் பாக்க நடு டேபிள்ல தான் உருட்டறேன். ஒரு தடவ மாத்தினது தெரிஞ்சா அதுக்கு முன்னாடி பொழச்சது எல்லாம் பொய்யாயிடும். சாவு வேணாம்னு உங்களுக்கு தோணிச்சுன்னா உருட்டறதுக்கு முன்னாடியே அத சொல்லிடுங்க: "இது விழலன்னா சாவ மாட்ட, ஆனா கத்தி ஆத்துல போயிடும், சம்மதமா?" பிளேயர் தலையாட்டினதும் டைஸ அவன் கைலயே குடுத்து உருட்டச் சொல்லுங்க.