வீட்டில் நறுமணத் தைலம் கலப்பவர்களுக்கு: கேள்வி பதில்

கேள்வி: ஆரஞ்சு எண்ணெயையும் எலுமிச்சை எண்ணெயையும் ஜொஜோபா என்னும் விதை எண்ணெயில் கலந்து மணிக்கட்டில் தடவிக்கொண்டேன். அரை மணி நேரத்திற்குள் வாசனை மறைந்துவிடுகிறது. வாங்கிய எண்ணெய் போலியாக இருக்குமோ?

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆரஞ்சு எண்ணெயில் 90 சதவீதத்திற்கு மேல் இருப்பது லிமோனீன் என்னும் ஒரே பொருள். அதன் மூலக்கூறு மிகச் சிறியது என்பதால் தோலின் சூட்டிலேயே ஆவியாகிவிடும். எலுமிச்சையின் கதையும் ஏறக்குறைய அதுவே. சந்தனம், வெட்டிவேர், பச்சிலை (பச்சோலி) போன்றவற்றின் மூலக்கூறுகள் கனமானவை. அவை மெல்ல மெல்ல எழுந்து, மறுநாள் காலையிலும் துணியில் தங்கியிருக்கும். நீங்கள் முதலில் பறக்கும் இரண்டை மட்டுமே கலந்திருக்கிறீர்கள்; நடுவில் நிற்பதும் அடியில் தங்குவதும் உங்கள் கலவையில் இல்லை.

10 மில்லி உருளைக் குப்பி (ரோல்-ஆன்) ஒன்றுக்கு நான் புதியவர்களிடம் சொல்லும் அளவு இது: வெட்டிவேர் 2 சொட்டு, ஜெரேனியம் 3 சொட்டு, லாவெண்டர் 1 சொட்டு, ஆரஞ்சு 4 சொட்டு. இந்தப் பத்துச் சொட்டும் சுமார் அரை மில்லி, அதாவது 5 சதவீதம். மீதியை ஜொஜோபாவால் நிரப்புங்கள். வெட்டிவேர் எண்ணெய் பாகு போல் கெட்டியாக இருப்பதால் அதன் சொட்டு பெரியதாக விழும். ஆகவே, கலவை பிடித்துப்போய் மறுபடி செய்ய நினைத்தால், சொட்டுக் கணக்கை விட்டுவிட்டு 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். கலந்த அன்றே முகர்ந்து தீர்ப்புச் சொல்லிவிடாமல், ஒரு வாரம் இருட்டில் மூடிவைத்த பிறகு முகர்ந்து பாருங்கள். முதல் நாள் மண்வாடை தூக்கலாகத் தெரியும் வெட்டிவேர் அதற்குள் மற்றவற்றோடு இணங்கியிருக்கும். (கடலூர் மாவட்டத்தில் விளையும் இந்த வேருக்கு ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வழங்கும் பெயர், நம்முடைய ‘வெட்டிவேர்’ என்ற சொல்லிலிருந்து போனதே.)

கேள்வி: எங்கள் வீட்டில் குண்டுமல்லி நிறையப் பூக்கிறது. பூவைக் கொதிக்கவைத்து மல்லிகை எண்ணெய் எடுக்க முடியுமா?

பதில்: முடியாது. மல்லிகையின் மணம் கொதிநீரின் சூட்டைத் தாங்காது. உங்களுக்குக் கிடைப்பது வெந்த பூவின் வாடைதான். ஆலைகளில் ஹெக்சேன் என்னும் கரைப்பானில் பூவை ஊறவைத்து, அதை ஆவியாக்கி மெழுகு போன்ற ‘கான்கிரீட்’ எடுத்து, பிறகு அதை ஆல்கஹாலில் கரைத்து மெழுகை நீக்கி ‘அப்சல்யூட்’ ஆக்குகிறார்கள். ஹெக்சேன் எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதால் சமையலறையில் அதை முயலவே கூடாது.

ஆனால் மல்லிகைக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பறித்த பிறகும், மொட்டு மலர்ந்துகொண்டிருக்கும் இரவு முழுவதும், அது மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். வட இந்தியாவில் எள்ளையும் பூவையும் அடுக்கடுக்காகப் பரப்பி, பூவை மாற்றிக்கொண்டே வந்து, மணமேறிய எள்ளை ஆட்டி எண்ணெய் எடுப்பது இந்தக் குணத்தை நம்பித்தான். வீட்டில் செய்வதானால், அகலமான பாத்திரத்தில் வாசனையற்ற எண்ணெயை ஊற்றி, மாலையில் ஈரம் துளியும் இல்லாத மொட்டுகளைப் பரப்பி, காலையில் எடுத்துவிட்டுப் புதிய மொட்டுகளை இடுங்கள். பத்துப் பதினைந்து முறையாவது மாற்ற வேண்டும். வாடிய பூவை ஒரு நாள் கூடுதலாக விட்டாலும் எண்ணெய் சிக்குப் பிடிக்கும். கடையில் வாங்கும் மல்லிகையின் வீச்சு இதில் வராது. தலையில் சூடிய பூ மறுநாள் தலையணையில் விட்டுச்செல்லும் மணம் வரும், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது.

கேள்வி: லைம் எண்ணெய் கலந்த தைலத்தைக் கழுத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போனேன். இரண்டு நாளில் அந்த இடம் சிவந்து, இப்போது கறுத்திருக்கிறது. முன்கூட்டி முழங்கையில் தடவிச் சோதித்தபோது ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: முதலில் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். பழத்தோலைப் பிழிந்து எடுத்த லைம் எண்ணெயிலும், பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் எண்ணெயிலும் ஃப்யூரனோகூமரின் வகைப் பொருள்கள் உள்ளன. அவை தோலில் இருக்கும்போது புற ஊதாக் கதிர் பட்டால் தீக்காயம் போலவே ஆகும். நிழலில் செய்த சோதனையில் அது தெரிய வழியில்லை. ஆவியில் வடித்த லைம் எண்ணெயில் இந்தத் தொல்லை இல்லை. இனிப்பு ஆரஞ்சிலும் இல்லை. ஆகவே வாங்கும்போது, பிழிந்ததா வடித்ததா என்று சீட்டைப் படித்துப் பார்க்க வேண்டும்.

அதே மூச்சில் இன்னொன்று: இலவங்கப்பட்டை எண்ணெயையும் கிராம்பு எண்ணெயையும் தைலத்தில் தாராளமாகச் சேர்க்காதீர்கள். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் அது பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீடிக்கும்.

கேள்வி: மருந்துக்கடை ஸ்பிரிட்டில் கலந்து ஸ்ப்ரே செய்யலாமா?

பதில்: வேண்டாம். அதில் என்ன சேர்த்து அதைக் குடிக்கத் தகாததாக்கியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது. மெத்தனால் இருந்தால் அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலுக்குள் போகும். தூய எத்தனாலோ கலால் கட்டுப்பாட்டிற்கு உட்பட்ட பொருள். தண்ணீரில் கலந்தால் எண்ணெய் மேலே மிதக்கும். எவ்வளவு குலுக்கினாலும் ஒரு முறை வெறும் தண்ணீரும் மறுமுறை வெறும் எண்ணெயுமாகத் தெறிக்கும். வீட்டு வேலைக்கு ஜொஜோபா போதும்.

கேள்வி: 10 மில்லி சந்தன எண்ணெய் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: சந்தன மரத்தின் வயிரக்கட்டையிலும் வேரிலும்தான் எண்ணெய் இருக்கிறது, அந்த வயிரம் பாய்வதற்கே பல ஆண்டுகள் ஆகும், 150 ரூபாய்க்கு அது வராது. காகிதத் துண்டில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் முகருங்கள். மணம் ஓடிப்போயிருந்தால் அது சந்தனமில்லை என்பது உறுதி. தங்கியிருந்தாலும் சந்தனம் என்று சொல்லிவிட முடியாது, ஏனெனில் செயற்கைச் சந்தன மணங்களும் தங்கும். அந்தப் பணத்திற்கு நல்ல வெட்டிவேர் எண்ணெய் ஒரு மில்லி கிடைத்தால் அதை வாங்குங்கள்.

கேள்வி: என் இரண்டு வயதுக் குழந்தைக்குத் தடவலாமா?

பதில்: கூடாது. குப்பியையும் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். யூகலிப்டஸ், கற்பூர எண்ணெய்கள் சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும்.