மிச்ச யூனிட்டை விற்க 5 கிலோவாட் சோலார் வேண்டாம்

இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் ஓடுகிறது, மாடியில் 5 கிலோவாட் சோலார் போட்டு மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் சார், 2 கிலோவாட் போதும்.

நிழல் விழாத மாடியில் ஒரு கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் தரும். 2 கிலோவாட்டுக்கு இரண்டு மாதத்தில் 480. மீதி 140 யூனிட்டில் முதல் 100 இலவசம். இப்போது 500-ஐத் தாண்டுவதால் கட்டணத்தின் கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுக்கும் கூடுதல் விலை கட்டுகிறீர்கள், அதுவும் நின்றுவிடும். உண்மையான லாபம் இந்த மேல்படி யூனிட்டுகளை அழிப்பதில்தான். விற்பதில் இல்லை.

5 கிலோவாட் என்றால் 1200 யூனிட் வரும், பாதி உங்களுக்கு உதவாது. மத்திய அரசு மானியமும் 2 கிலோவாட்டுக்கு 60,000, மூன்றுக்கு 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே 78,000தான். ஏசியோ மின்ஸ்கூட்டரோ வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் 3 போடுங்கள்.

இருவழி மீட்டர் (வீட்டுக்கு வரும் மின்சாரத்தையும் வெளியே போவதையும் அளப்பது) மாட்டியதும் ஏற்றுமதி ரீடிங்கை மாதாமாதம் போட்டோ எடுத்து, பில்லில் கழிந்திருக்கிறதா என்று பாருங்கள். நல்ல வெயிலில் உற்பத்தி திடீரென பூஜ்யமானால் சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் திரையைப் பாருங்கள்: லைன் வோல்டேஜ் ஏறினால் அது தானே அணைந்துவிடும். கரண்ட் போனாலும் அப்படித்தான், பேட்டரி இல்லாமல் ஓடாது.