யாழ்ப்பாணத்து மணற்காட்டு மணல் மேடுகளுக்கு வான் வண்டியில் நாயைக் கூட்டிப் போனால் வெப்பத்தாக்கு வருமா?

வரலாம். உள்ளே சேரும் சூட்டை வெளியேற்ற முடியாமல் உடல் திணறுவதுதான் வெப்பத்தாக்கு. நாயின் உடல் வெப்பம் வழக்கமாக 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கும். 41ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும், அது போதாது. அதனால்தான் நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கிறது; வாயில் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூடும் போகிறது. மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். அந்தப் பானையைப் பொலித்தீன் பையால் இறுக்கிக் கட்டினால் குளிருமா? பூட்டிய வானுக்குள் நாய் படும் பாடு அதுதான். அதன் மூச்சின் ஈரமே உள்ளே நிறைந்து, ஆவியாக வழியில்லாமல் போகிறது.

மணல் மேடுகளும் மத்தியானத்தில் கொதிக்கும். புறங்கையை மணலில் வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியாவிட்டால், தயவுசெய்து நாயை இறக்காதீர்கள். விடியவே போய்விடுவது நல்லது. இளைப்பு அடங்காமல், எச்சில் தடித்து ஒழுகி, நடை தள்ளாடினால், சவுக்கு நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் போங்கள்.

கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். வெயிலில் நிற்கும் வானுக்குள் ஏறும் சூடு அதனால் பெரிதாகக் குறைவதில்லை.